மருத்துவமனை வரியை வைத்து மெடிக்கெய்ட் நடப்பது எப்படி? 6 சதவீதம் 3.5 ஆனால் யாருக்கு நஷ்டம்?

கணக்கன்_ராலே:

வணக்கம். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் மாநில அரசு தன் பங்கைத் திரட்ட மருத்துவமனைகளிடமே வரி வாங்குகிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்த 'புரொவைடர் டாக்ஸ்' மேல் கை வைத்துவிட்டது. இது மோசடி என்று ஒரு தரப்பு சொல்கிறது. கிராமத்து மருத்துவமனைகள் மூடப்படும் என்று மறு தரப்பு சொல்கிறது. இரண்டு பேருமே கணக்கைக் காட்டுவதில்லை.

வரி கட்டுகிற மருத்துவமனையே அந்த வரி வேண்டும் என்று ஏன் கேட்கிறது? 6 சதவீதம் என்கிறார்களே, எதில் 6 சதவீதம்? அது 3.5 ஆக இறங்கினால் குறிப்பிட்ட ஒரு மருத்துவமனைக்கு வரும் இழப்பை எப்படிக் கணக்கிடுவது? "வரி குறைந்தால் நல்லதுதானே?" என்று நிர்வாகக் குழுவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது? நோயாளியின் பில்லில் இது ஏறுமா? எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வரவு_செலவு:

முதல் கேள்வியில் தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

மெடிக்கெய்ட் செலவை மாநிலமும் ஒன்றிய அரசும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றிய அரசின் பங்கை எஃப்மேப் என்பார்கள். மாநிலத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் இதைக் கணக்கிடுகிறார்கள். குறைந்தபட்சம் 50 சதவீதம், சட்டப்படி உச்சவரம்பு 83. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற பணக்கார மாநிலங்களுக்கு 50, மிசிசிப்பிக்கு 75-க்கும் மேல். நம் ஊரில் மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பிரித்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. அங்கே மத்திய அரசின் ஒதுக்கீட்டுக்கு ஒரு மேல்வரம்பு இருக்கும். மெடிக்கெய்ட்டில் அப்படி இல்லை. விதிக்கு உட்பட்டு மாநிலம் எவ்வளவு செலவு செய்தாலும் அதற்கேற்ற பங்கு வந்துகொண்டே இருக்கும். மருத்துவமனை வரி மேல் இத்தனை ஆர்வம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு மாநிலத்தில் மூன்று மருத்துவமனைகள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நிகர நோயாளி வருவாயும், அதாவது தள்ளுபடி போக சிகிச்சைக்காக உண்மையில் கைக்கு வரும் பணம், 50 கோடி டாலர். 'அ' நகரின் நடுவில் ஏழை மக்களுக்கு நடுவே இருக்கிறது, அதன் நோயாளிகளில் 40 சதவீதம் மெடிக்கெய்ட். 'ஆ'வில் 15 சதவீதம். 'இ' வசதியான புறநகரில் இருக்கிறது, 5 சதவீதம்தான்.

மாநிலம் மூவருக்கும் 6 சதவீதம் வரி போடுகிறது. ஆளுக்கு 3 கோடி, மொத்தம் 9 கோடி. எஃப்மேப் 60 என்றால் இந்த 9 கோடி மாநிலத்தின் 40 சதவீதப் பங்காகிறது. ஒன்றிய அரசு 13.5 கோடி சேர்க்க, மொத்தம் 22.5 கோடி. இதை மெடிக்கெய்ட் நோயாளிகளுக்கான கூடுதல் கட்டணமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 40:15:5 என்ற விகிதத்தில் பிரித்தால் 'அ'வுக்கு 15 கோடி, 'ஆ'வுக்கு 5.625 கோடி, 'இ'க்கு 1.875 கோடி.

கட்டிய 3 கோடியைக் கழித்தால் 'அ'வுக்கு 12 கோடி லாபம், 'ஆ'வுக்கு 2.625 கோடி லாபம், 'இ'க்கு 1.125 கோடி நஷ்டம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 13.5 கோடி வரும். ஒன்றிய அரசு போட்ட தொகை அது. மருத்துவமனைச் சங்கம் ஏன் இந்த வரியை ஆதரிக்கிறது, அதே சங்கத்துக்குள் 'இ' மாதிரி மருத்துவமனைகள் ஏன் முனகுகின்றன என்பதற்கு இந்த எண்களே பதில்.

நடைமுறையில் முழுத் தொகையும் மருத்துவமனைகளுக்குத் திரும்பாது. ஒரு பகுதியை மாநிலம் பொதுவான மெடிக்கெய்ட் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுக்கலாம் என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கும், முதலில் அந்தப் பிரிவைப் படியுங்கள். இப்படிப்பட்ட வரி எதுவுமே இல்லாத மாநிலம் அலாஸ்கா மட்டும்தான்.

இதை மோசடி என்பது தவறு. 1980-களின் பிற்பாதியில் கட்டுப்பாடே இல்லாமல் நடந்தது உண்மை. 1991-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, எது செல்லும் எது செல்லாது என்று வரையறுத்தது. அந்த வரையறைக்குள் நடப்பதை மாற்ற வேண்டும் என்று வாதாடலாம், குற்றம் என்று சொல்லக் கூடாது. விகிதத்தை 3.5-க்குக் குறைக்கும் யோசனை ஒபாமா காலத்து பட்ஜெட் முன்மொழிவிலேயே இருந்தது. ஆகவே இது ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமான சிந்தனையும் அல்ல.

---

விதி433:

மேலே உள்ள கணக்கு சரி. 1991 சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் 6 சதவீதம் புரியும்.

நிபந்தனை மூன்று. வரி ஒரு வகையில் உள்ள எல்லோர் மேலும் விழ வேண்டும், மெடிக்கெய்ட் பார்ப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். கட்டியதை அப்படியே திருப்பித் தருவதாக உறுதி கொடுக்கக் கூடாது. இந்த மூன்றாவதைத்தான் 'ஹோல்ட் ஹார்ம்லெஸ்' என்கிறார்கள், தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள்.

'அ' மருத்துவமனை 3 கோடி கட்டி 15 கோடி வாங்குகிறதே, அது உறுதி ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. அந்த 15 கோடி அது பார்த்த மெடிக்கெய்ட் நோயாளிகளின் அளவுக்கு வந்தது, கட்டிய வரியின் அளவுக்கு வந்ததல்ல. அதே சமயம் 'இ'யின் நஷ்டத்தை ஈடுகட்ட 'அ' தனியாக 1.125 கோடி கொடுப்பதாகத் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டால் பிரச்சினை தொடங்கிவிடும். டெக்சஸில் கவுண்டிகள் மருத்துவமனைகளிடம் வசூலிக்கும் உள்ளூர் நிதியில் இப்படித் தனியார் ஏற்பாடுகள் இருப்பதாகச் சொல்லி, மெடிக்கெய்ட்டை மேற்பார்வையிடும் ஒன்றிய அமைப்பான சிஎம்எஸ் 2023 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதை அமல்படுத்த விடாமல் டெக்சஸ் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. தடை இருக்கிறது என்ற தைரியத்தில் வேறு மாநிலத்தில் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

6 சதவீதம் இந்த மூன்றாவது நிபந்தனையின் பாதுகாப்பு எல்லை. அந்த வகைச் சேவையின் நிகர நோயாளி வருவாயில் வரி 6 சதவீதத்துக்குள் இருந்தால், மறைமுக உறுதி இருக்கிறதா என்று தோண்ட மாட்டார்கள். தாண்டினால் 75/75 சோதனை. வரி கட்டுபவர்களில் 75 சதவீதம் பேரோ அதற்கு மேலோ, தாங்கள் கட்டியதில் 75 சதவீதத்தையாவது மெடிக்கெய்ட் கட்டணமாகத் திரும்பப் பெற்றால் வரி செல்லாது. மேலே உள்ள உதாரணத்தில் 'இ' திரும்பப் பெறுவது 62.5 சதவீதம். 75-ஐத் தாண்டுபவர்கள் மூவரில் இருவர், அதாவது 66.7 சதவீதம். ஆக 7 சதவீதம் போட்டாலும் இந்த மாநிலம் தப்பித்துவிடும். ஆனால் 'இ' ஓர் ஆண்டில் கொஞ்சம் கூடுதலாக மெடிக்கெய்ட் நோயாளிகளைப் பார்த்துவிட்டால் மூவரும் 75-ஐத் தாண்டுவார்கள், மொத்த வரியும் செல்லாமல் போகும். செல்லாத வரி என்று முடிவானால், அந்த வருவாயை மாநிலத்தின் மெடிக்கெய்ட் செலவிலிருந்து கழித்துவிட்டு மீதிக்குத்தான் ஒன்றியப் பங்கு தருவார்கள். மாநிலங்கள் பெரும்பாலும் 6-ஐத் தாண்டாததற்குக் காரணம் இந்த அபாயம்.

'வகை' என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்நோயாளிச் சேவை ஒரு வகை, புறநோயாளிச் சேவை இன்னொரு வகை, முதியோர் பராமரிப்பு இல்லம் தனி, காப்பீட்டு நிர்வாக நிறுவனம் தனி. இப்படி 19 இருக்கின்றன. மெடிகேர் என்பது முதியோருக்கான ஒன்றிய அரசின் காப்பீடு, மெடிக்கெய்ட் வேறு. மருத்துவமனைகள் தரும் மெடிகேர் செலவு அறிக்கையில், அதாவது சிஎம்எஸ்-2552-10 படிவத்தில், ஜி-3 தாளின் 3-ஆம் வரியில் நிகர நோயாளி வருவாய் இருக்கும். பலர் அதை அப்படியே எடுத்து 6 சதவீதம் போட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையோடு சேர்ந்த பராமரிப்பு இல்லம், வீட்டுச் செவிலியர் சேவை எல்லாம் அந்த வரியில் கலந்திருக்கும். ஜி-2 தாளில் மொத்தக் கட்டணம் உள்நோயாளி, புறநோயாளி, மற்றவை என்று பிரிந்திருக்கிறது. அந்த விகிதத்தில் நிகர வருவாயைப் பிரித்து, மாநிலச் சட்டம் எந்த வகைக்கு வரி போடுகிறதோ அதை மட்டும் எடுக்க வேண்டும்.

கிராமத்துச் சிறு மருத்துவமனைகளுக்கு விலக்கு அளிக்க மாநிலம் விரும்பினால் சிஎம்எஸ்ஸிடம் தளர்வு கேட்க வேண்டும். அதற்குப் புள்ளியியல் சோதனை உண்டு. விலக்குக்கு P1/P2, விகித வேறுபாட்டுக்கு B1/B2 என்று அதற்குப் பெயர். சுருக்கமாகச் சொன்னால், எல்லோருக்கும் ஒரே வரி போட்டால் மெடிக்கெய்ட் மேல் விழும் சுமையை, மாநிலம் கேட்கிற அமைப்பில் விழும் சுமையோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 1-க்குக் குறையக் கூடாது. இந்தச் சோதனையில் ஓட்டை இருந்தது. கலிஃபோர்னியா 2023-இல் காப்பீட்டு நிறுவனங்கள் மேல் போட்ட வரியில், மெடிக்கெய்ட் உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 182.50 டாலர், மற்ற உறுப்பினருக்கு 1.75 டாலர். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தும் சோதனையில் தேறியது. 2025 சட்டம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. சோதனையில் தேறினாலும், மெடிக்கெய்ட் அதிகம் உள்ளவர்களுக்கு அதிக விகிதம் என்றால் இனி செல்லாது. ஏற்கெனவே உள்ளவற்றுக்கு அதிகபட்சம் மூன்று நிதியாண்டு வரை அவகாசம் தர இடம் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் சட்டம் சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறது என்பது என் கருத்து.

---

கிழக்குக்கரை_செவ்வந்தி:

வரவு_செலவு சார் போட்ட கணக்குல ஒரு திருத்தம். எல்லாத்துக்கும் எஃப்மேப் 60-னு வெச்சா இழப்பு குறைச்சலா தெரியும்.

ஒபாமாகேர்னு சொல்ற 2010 சட்டத்துக்குப் பிறகு மெடிக்கெய்ட்டை இன்னும் நிறைய பேருக்கு விரிவாக்கின மாநிலங்கள் 40, கூடவே வாஷிங்டன் டி.சி. புதுசா சேர்ந்த பெரியவர்களுக்கு ஒன்றிய அரசு தர்றது 90 சதவீதம். அங்கே 1 டாலர் வரிக்கு 9 டாலர் வரும். திருப்பித் தர்ற கட்டணத்துல 30 சதவீதம் இந்தக் குழுவுக்குப் போகுதுன்னு வைங்க. கலந்த பங்கு 0.3 × 90 + 0.7 × 60 = 69. மாநிலப் பங்கு 31.

இப்ப படிநிலை. விரிவாக்கின மாநிலங்கள்ல பாதுகாப்பு எல்லை 2028 நிதியாண்டுல 5.5, 2029-ல 5, 2030-ல 4.5, 2031-ல 4, 2032-ல 3.5. ஒன்றிய நிதியாண்டு முந்தைய அக்டோபர் 1-லயே தொடங்கிடும், அதனால முதல் வெட்டு 2027 அக்டோபர் 1. 2028-ன்னு படிச்சுட்டு பட்ஜெட்ல ஒரு காலாண்டு தப்பா போடுறவங்க நிறைய.

அதே மூணு மருத்துவமனைக்கு 6-லேருந்து 3.5-ன்னா வரி 9 கோடியிலிருந்து 5.25 கோடி, 3.75 கோடி குறையுது. எஃப்மேப் 60-ல ஒன்றியப் பணம் 5.625 கோடி போகும். கலந்த 69-ல பார்த்தா 3.75 ÷ 0.31 = சுமார் 12.1 கோடி மொத்தக் கட்டணம் போகுது, அதுல ஒன்றியப் பணம் சுமார் 8.35 கோடி. எவ்வளவு வித்தியாசம் பாருங்க. உங்க மாநிலத்தோட கலந்த விகிதம் தெரியாம எந்த எண்ணையும் குழு முன்னாடி வைக்காதீங்க.

யாருக்கு நஷ்டம்ங்கறதுக்கு 60 கணக்கையே எடுத்துக்கறேன். 'அ'வோட நிகர லாபம் 12 கோடியிலிருந்து 7 கோடி ஆகும், 5 கோடி போச்சு. 'ஆ'வுக்கு சுமார் 1.09 கோடி போகும். 'இ'க்கு சுமார் 47 லட்சம் டாலர் மிச்சம். "வரி குறைஞ்சா நல்லதுதானே"ன்னு கேக்கறவருக்கு இதைக் காட்டுங்க. 'இ'ல உக்காந்திருக்கறவருக்கு நல்லதுதான். ஏழைங்க போற 'அ'வுக்கு அது வெட்டு.

இன்னொரு விஷயம். ஏற்கெனவே 3.5-க்குக் கீழ இருக்கற வரிக்கு இறக்கம் கிடையாது. ஆனா ஏத்தவும் முடியாது. எந்த மாநிலமா இருந்தாலும், சட்டம் வந்தப்ப இருந்த விகிதத்துலயே உறைஞ்சு நிக்கும். ஒரு வகைக்கு அன்னிக்கு வரியே இல்லைன்னா அதுக்கு எல்லை பூஜ்யம். டெக்சஸ், ஃபுளோரிடா மாதிரி விரிவாக்காத 10 மாநிலங்களுக்கு உறைவு மட்டும்தான். முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு எங்கயும் படி இறக்கம் இல்லை, உறைவு உண்டு.

---

கணக்கன்_ராலே:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வட கரோலினாவில் விரிவாக்கத்தின் மாநிலப் பங்கையே மருத்துவமனைகள் கட்டுகின்றன என்கிறார்கள், அது இதே வரிதானா? கணக்குப் புத்தகத்தில் வரியைக் கழித்து நிகரமாகக் காட்டலாமா?

---

வரவு_செலவு:

செவ்வந்தி அம்மா சொன்ன திருத்தம் சரியானது, 90-ஐச் சேர்க்காதது என் உதாரணத்தின் குறைதான்.

வட கரோலினா: ஆம், இதே குடும்பம். 2023 டிசம்பர் 1 அன்று விரிவாக்கம் தொடங்கியது. மாநிலம் போட வேண்டிய 10 சதவீதம் மருத்துவமனைகள் கட்டும் தொகையிலிருந்து வருகிறது, பொது வரிப்பணத்திலிருந்து அல்ல. அதற்குக் கைமாறாக, மெடிக்கெய்ட்டை நடத்தும் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக மருத்துவமனைகளுக்குக் கூடுதல் கட்டணம் தரும் ஹாஸ்ப் திட்டத்துக்கு மாநிலம் ஒத்துக்கொண்டது. இப்படி மாநிலம் காப்பீட்டு நிறுவனத்துக்கு "இவர்களுக்கு இவ்வளவு கொடு" என்று கட்டளையிடுவதை டைரக்டெட் பேமென்ட் என்பார்கள். தனியார் காப்பீட்டின் சராசரிக் கட்டணம் வரை ஏற்ற 2024 விதி இடம் கொடுத்தது.

2025 சட்டம் அதிலும் கை வைத்திருக்கிறது. புதிய திட்டங்களுக்கு விரிவாக்கிய மாநிலத்தில் மெடிகேர் கட்டணத்தின் 100 சதவீதம், விரிவாக்காத மாநிலத்தில் 110 சதவீதம் உச்சவரம்பு. ஏற்கெனவே அனுமதி பெற்றவை 2028 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 10 சதவீதப் புள்ளி வீதம் இந்த உச்சவரம்புக்கு இறங்க வேண்டும். ஆகவே இழப்பைக் கணக்கிடும்போது இரண்டு அட்டவணை போடுங்கள். வரி இறங்குவதால் வரும் இழப்பு ஒன்று, கட்டணம் இறங்குவதால் வரும் இழப்பு இன்னொன்று. இரண்டையும் கூட்டாதீர்கள், ஒவ்வோர் ஆண்டும் எது பெரியதோ அதுதான் பெரும்பாலும் உண்மையான இழப்புக்கு நெருக்கமாக இருக்கும். கட்டணமே இறங்கிவிட்டால் அதற்கு ஈடான வரியும் தேவைப்படாது.

புத்தகத்தில் நிகரமாகக் காட்ட வேண்டாம். வரி இயக்கச் செலவு, கூடுதல் கட்டணம் நோயாளி வருவாய். இரண்டையும் தனித்தனியே காட்டுவதுதான் வழக்கம். சிஎம்எஸ் அனுமதி வராத திட்டத்தின் வருவாயை முன்கூட்டியே எழுதிக்கொள்வதும் ஆபத்து, அனுமதி மாதக்கணக்கில் இழுக்கும். வரி காலாண்டுக்கு ஒரு முறை தவணை தேதியில் போய்விடும். திரும்பும் பணம் அதே வாரத்தில் வராது. ஒரு காலாண்டு வரிக்குச் சமமான ரொக்கத்தை ஒதுக்கி வைக்காத சிறு மருத்துவமனை, லாபக் கணக்கில் முன்னால் இருந்தும் சம்பளத் தேதியில் தடுமாறும்.

---

விதி433:

கணக்குப் புத்தகத்தில் தனித்தனி, மெடிகேர் செலவு அறிக்கையில் அப்படி இல்லை. வரி அனுமதிக்கத்தக்க செலவுதான், ஆனால் அந்த வரியோடு பிணைந்து திரும்பி வந்த மெடிக்கெய்ட் தொகையைக் கழித்துவிட்டு நிகரச் செலவைத்தான் ஏற்போம் என்று சிஎம்எஸ் 2010-இல் தெளிவுபடுத்தியது. இல்லினாய் மருத்துவமனை ஒன்று தொடுத்த வழக்கில் 2012-இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிஎம்எஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கிரிட்டிக்கல் ஆக்சஸ் எனப்படும் சிறு கிராமப்புற மருத்துவமனைகளுக்கு மெடிகேர் செலவில் 101 சதவீதம் தருகிறது. அவர்கள் முழு வரியையும் செலவாகக் காட்டிப் பணம் வாங்கிவிட்டால், தணிக்கையில் பல ஆண்டுத் தொகையை ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்பார்கள். உங்கள் பகுதி தணிக்கை ஒப்பந்ததாரர் எந்த அளவு கழிக்கிறார் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

கிழக்குக்கரை_செவ்வந்தி:

பில் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. இந்த வரியை நோயாளி பில்லுல தனி வரியா போடக் கூடாதுன்னு தடுக்கற மாநிலங்கள் உண்டு. மினசோட்டா வேற மாதிரி. 1992-ல கொண்டு வந்த வரி, 2 சதவீதமா இருந்து 2020-ல 1.8 ஆச்சு. மருத்துவமனை மட்டும் இல்ல, டாக்டர், பல் டாக்டர் எல்லாரும் வருமானத்துல கட்டணும். அதைப் பணம் கொடுக்கறவங்க மேல ஏத்த அங்க சட்டமே அனுமதிக்குது, பல் டாக்டர் பில்லுல தனி வரியாவே வந்து நிக்கும். உங்க மாநிலத்துல எப்படின்னு தெரிஞ்சுக்க, இந்த வரியைப் போடற மாநிலச் சட்டத்துல 'நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது'ங்கற மாதிரி வாசகம் இருக்கான்னு பாருங்க.

மெடிக்கெய்ட் நோயாளிக்கு பில் மூலமா அடி விழாது. வேற வழியில விழும். நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகக் கணக்குப்படி இந்த வரிப் பிரிவு ஒண்ணால மட்டும் பத்து வருஷத்துல ஒன்றியச் செலவு சுமார் 19,100 கோடி டாலர் குறையும். அந்த ஓட்டையை மாநிலம் பொது வரியில அடைக்கணும், இல்லைன்னா டாக்டர் கட்டணத்தைக் குறைக்கணும், இல்லைன்னா பல், வீட்டுப் பராமரிப்பு மாதிரி கட்டாயம் இல்லாத சேவைகளை நிறுத்தணும். வட கரோலினால விரிவாக்கப் பங்கு 90-க்குக் கீழ போனா விரிவாக்கத்தையே நிறுத்தணும்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. இப்போதைக்கு 90-ஐ யாரும் தொடலை.

கிராமத்து மருத்துவச் சேவைக்குன்னு 2026 முதல் 2030 வரைக்கும் மொத்தம் 5,000 கோடி டாலர் நிதி ஒண்ணு அதே சட்டத்துல இருக்கு. அது 2030-ல முடியுது. வரி இறக்கம் முழுசா வந்து நிக்கறது 2032-ல. உங்க அட்டவணையில 2031, 2032 ரெண்டு பத்தியையும் கட்டாயம் போடுங்க, 2030-ஓட நிறுத்தினா இழப்பு முழுசா தெரியாது.